சூரனுக்குக் கறுப்புச் சட்டை

என் வீட்டுக்காரருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. கல்யாணமான மூன்றாம் நாள் விளக்கேற்றிவிட்டுத் திருநீற்றுத் தட்டை அவர் முன்னால் நீட்டினேன். "எனக்கு வேண்டாம் புள்ள. நீ பூசிக்க. நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்" என்றார். நான் உடுமலைப்பேட்டைப் பக்கத்துக்காரி. எங்கள் அப்பா வருஷம் தவறாமல் பழநிக்குக் காவடி எடுத்தவர். மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள் ஆளின் நிறத்தைப் பார்த்தார்கள், நடையைப் பார்த்தார்கள், பனியன் கம்பெனியில் நிரந்தர வேலையா என்று நாலு பேரிடம் விசாரித்தார்கள். நெற்றியைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். இவர் குடிப்பதில்லை. கை நீட்டுவதில்லை. சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுக்கிறார். நெற்றி நிறையப் பட்டை போட்டுக்கொண்டு இந்த மூன்றுக்கும் நேர்மாறாக நடந்தவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருந்தார்கள். சரி, சாமியை நான் பார்த்துக்கொள்கிறேன், இவரையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்துவிட்டேன்.

அறுபதுகளின் திருப்பூர் அது. நெசவுக்காரர்கள் வாழ்ந்த தெரு ஒன்றில் எங்கள் வீடு. ஒரே கூரை, இரண்டு குடித்தனம். முன்பக்கம் என் வீட்டுக்காரரின் அண்ணன், அதாவது எனக்கு மூத்தார். அவர் வீட்டில் இரண்டு தறிகள் ஓடின. பின்பக்கம் நாங்கள். பொடக்காலி என்று நாங்கள் சொல்லும் கொல்லைப்புறமும் கிணறும் பொது. மூத்தாரின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கூடப் பிறந்த அக்காவிடம்கூட நான் அவ்வளவு பேசியதில்லை.

அண்ணனும் தம்பியும் வளர்ந்த கதையை அந்த அக்காதான் எனக்குச் சொன்னார். வாந்திபேதியில் அப்பா அம்மா இரண்டு பேரும் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். அண்ணனுக்கு அப்போது பதினாறு வயது, தம்பிக்கு ஆறு. அண்ணன் கூலிக்கு நெய்து தம்பியை வளர்த்தார். ஒரு ஆளுக்குத்தான் களி இருக்கிறது என்றால், "நான் தறிக்காரர் ஊட்டுல தின்னுட்டு வந்துட்டேன் கண்ணு" என்று சொல்லித் தம்பியைச் சாப்பிட வைத்துவிட்டு, தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வாராம். தம்பி பெரியவனான பிறகுதான் அது பொய் என்று தெரிந்ததாம். என் வீட்டுக்காரர் இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவார் என்று எனக்குத் தெரியும், அதனால் நானும் கேட்டதில்லை.

எங்கள் ஜனங்கள் தங்களை முருகனின் படைவீரர் வம்சம் என்று சொல்லிக்கொள்வார்கள். ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தால் தெருக்கோயிலில் ஆறாம் நாள் சாயங்காலம் சூரசம்ஹாரம் நடக்கும். வீரபாகு வேஷம் கட்டுகிற உரிமை எங்கள் வீட்டுக்கு. மூத்தார் ஆறு நாளும் கையில் காப்புக் கட்டிக்கொண்டு, பகலில் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்து, பொழுது சாய்ந்தபின் பாலும் பழமும் சாப்பிட்டு விரதம் இருப்பார். மூங்கிலில் கட்டிய ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கான சூரனை ஒருவர் உள்ளே புகுந்து தோளில் தூக்கிக்கொண்டு வருவார். அவருக்கும் அதே ஆறு நாள் விரதம் உண்டு.

சண்டைக்கு முன்னால் வீரபாகு மூன்று தடவை தூது போக வேண்டும். முதல் தடவை, "சூரா, அடைத்து வைத்தவர்களை விட்டுவிடு" என்று கேட்பார். இரண்டாம் தடவை, "உன் பெண்டு பிள்ளைகளை நினைத்துப் பார்" என்பார். மூன்றாம் தடவை பேச்சு நீளாது. கிட்டே போய் "வந்துரு" என்று ஒரே ஒரு சொல். ஒவ்வொரு தடவையும், எதைக் கேட்டாலும், சூரனுக்குள் இருக்கிறவர், "வரமாட்டேன்" என்று சத்தம் போட வேண்டும். மூன்றாவது "வரமாட்டேன்" காதில் விழுந்தால்தான் சாமியின் வேல் கோயில் வாசலைத் தாண்டும். விழாவிட்டால் சண்டை கிடையாது. அது எங்கள் கோயில் முறை.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவர் எப்படிக் கடவுள் இல்லை என்கிற கட்சிக்குப் போனார் என்று கேட்கலாம். கம்பெனியில் கூட வேலை பார்த்தவர்கள் அழைத்துக்கொண்டு போனார்கள். மெஷின் ஷிப்ட் முடிந்ததும் நேராகக் கட்சிப் படிப்பகத்துக்குப் போவார். நாலு தினசரிகளை வரி விடாமல் படித்துவிட்டு வந்து, நான் கேட்காமலேயே உலகச் செய்தி சொல்வார். படிப்பகத்துச் சாவி அவரிடம்தான் இருந்தது. அந்தச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு தூங்குவார். நன்றாகப் பேசவும் வந்தது. பேச வருகிறவனை எந்தக் கட்சியாவது சும்மா விடுமா? மைக்கை நீட்டிவிட்டார்கள்.

எனக்குக் கல்யாணமான அடுத்த ஐப்பசியில் அது நடந்தது. சஷ்டியின் ஐந்தாம் நாள் சாயங்காலம் முச்சந்தியில் கட்சிக் கூட்டம். என் வீட்டுக்காரர் பேசினார். "வருஷா வருஷம் சூரனைக் கொல்றாங்க. வருஷா வருஷம் அவன் திரும்பி வர்றான். அப்படின்னா ரெண்டு பேருல யாருக்குச் சக்தி ஜாஸ்தி?" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் வீட்டு வாசலில் நின்று கேட்டுச் சிரித்துவிட்டேன், முருகன் மன்னிக்கட்டும். அதோடு நிறுத்தியிருக்கலாம். சிரிப்பு வந்ததும் வாய் நிற்கவில்லை. "அட்டைத் தலையை வெட்டறதுக்கு ஆறு நாள் பட்டினி கெடக்கறானுகளே, அவனுக வயித்துல ஒண்ணும் இல்ல சரி, மண்டையிலயுமா ஒண்ணும் இல்ல?" என்றார்.

மூத்தார் எதிர் டீக்கடை ஓரத்தில் கையில் காப்போடு நின்றுகொண்டிருந்தார். தம்பி பேசுகிறான் என்று கேட்க வந்தவர். கட்சி பிடிக்காவிட்டாலும் தம்பியின் பேச்சைக் கேட்க ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து ஓரமாக நிற்பாராம். அது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அவர் சத்தம் போடவில்லை. வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னது இவ்வளவுதான்: "சாமியச் சொன்னான், அதச் சாமி பாத்துக்கும். என் பசியச் சொல்லிச் சிரிக்க வெச்சுட்டான்." அன்றிலிருந்து தம்பியோடு பேச்சு நின்றது. பொடக்காலிக்கு நடுவில் தென்னந்தடுக்கு எழுந்தது. கிணற்றை மட்டும் பிரிக்க முடியாமல் பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம் என்று விட்டார்கள்.

என் வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்கப் போனார். இரண்டு தடவை போனார். இவர் வாசலில் நிற்கிறார் என்று தெரிந்தால் மூத்தார் தறிக்குழியில் இறங்கிவிடுவார். தறிச் சத்தத்தில் யார் பேசுவது, யார் கேட்பது? மூன்றாம் தடவை இவர் போகவில்லை. ஆனால் தினமும் காலையில் முன்பக்கத்துத் தறி ஓட ஆரம்பித்த பிறகுதான் வேலைக்குக் கிளம்புவார். அண்ணன் எழுந்துவிட்டார், நன்றாக இருக்கிறார் என்று அந்தச் சத்தத்தில் தெரிந்துகொள்வார். மெஷின் ஷிப்டுக்கு நேரமாகும், நான் கத்துவேன். "சித்தெ இரு புள்ள" என்று சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருப்பார். அந்த மனுஷனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும். கோபமாகவும் இருக்கும். மைக்கில் அத்தனை பேசத் தெரிந்தவருக்கு ஒரு வார்த்தையை அடக்கத் தெரியவில்லையே என்று.

அக்காவும் நானும் மட்டும் தடுக்கின் ஓட்டை வழியாகக் குழம்புக் கிண்ணத்தை மாற்றிக்கொண்டோம். ஆண்பிள்ளைகள் சண்டைக்கு நம் ரசம் என்ன பாவம் செய்தது என்பார் அக்கா. இப்படியே மூன்று வருஷம் போனது.

அந்த வருஷம் ஐப்பசிக்குச் சில மாதம் கழித்து நகராட்சித் தேர்தல் வருவதாகப் பேச்சு. கோயில் கமிட்டித் தலைவர் எங்கள் வார்டில் நிற்கப் போகிறார். இவர் கட்சிக்கு எதிர்க் கட்சிக்காரர். வெள்ளைச் சட்டையில் கசங்கல் விழாமல் நடக்கத் தெரிந்தவர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கோயிலுக்கு நிறையச் செய்தார். செய்ததைச் சொல்லிக்காட்டாமல் இருக்கத்தான் தெரியாது.

சூரனுக்குச் சட்டை தைக்கிற வேலை வீரபாகு வீட்டுப் பெண்களுக்கு. அது பெரிய வேலை இல்லை. வட்ட மெஷினில் ஓடும் பனியன் துணி தையல் இல்லாத குழாயாகவே இறங்கும். பெரிய விட்டத்துத் துணியாக ஒரு துண்டு வாங்கி, தலையணைக்கு உறை மாட்டுவதுபோலச் சூரனுக்கு மாட்டிவிடலாம். கழுத்தையும் கையையும் மட்டும் வெட்டித் தைக்க வேண்டும். எப்போதும் பச்சை நிறத் துணி வரும். அந்த வருஷம் கமிட்டியிலிருந்து வந்த மூட்டையை அவிழ்த்தால் உள்ளே கறுப்புத் துணி. கூடவே கீழே வைத்துத் தைக்கச் சிவப்பில் ஒரு பட்டி.

அக்கா என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கட்டும் கரை வேட்டியின் நிறங்கள்தான் அவை. ஊர் கூடி நிற்க, சாமி வேலெறிந்து அந்தக் கட்சியைக் கொல்லப் போகிறார். கமிட்டித் தலைவருக்கு ஒரு பைசா செலவில்லாமல் தேர்தல் பிரசாரம் முடிந்துவிடும்.

"தைக்கறதா, வேண்டாமாக்கா?" என்று கேட்டேன்.

"நாம தைக்காட்டி வேற ஆளு தைக்கும். தையி. பட்டிய மட்டும் கோணலா வெச்சுத் தையி" என்றார் அக்கா.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். குதிப்பார் என்று நினைத்தேன். சிரித்தார். அதற்குள் இன்னொரு செய்தியும் தெருவில் வந்துவிட்டது. வருஷாவருஷம் சூரனைத் தூக்குகிறவர் பஞ்சு மண்டியில் மூட்டை தூக்கும் ஆள். அவருக்குக் குடல் இறங்கி வைத்தியர் எடை தூக்கக் கூடாது என்றுவிட்டார். வேறு யாரும் முன்வரவில்லை. கறுப்புச் சட்டைச் சூரன் மேல் கட்சிப் பையன்கள் கல்லெறிவார்கள் என்று பயம். அது போக, தலை மாற்றித் தலை மாற்றி மூன்று தலையும் வெட்டுப்படுகிற உடம்புக்குள் போவதற்குச் சாதாரணமாகவே மனசு வராது.

மறுநாள் இவர் கமிட்டித் தலைவரிடம் நேராகப் போனார். "கறுப்புச் சட்டை போட்டவன் எங்க ஆளுங்க. நானே தூக்கறனுங்க" என்றார். தலைவருக்கு வாயெல்லாம் பல். சாமி இல்லை என்கிறவனே சூரனுக்குள் புகுந்து வெட்டு வாங்கப் போகிறான், இதைவிட என்ன வேண்டும்? படிப்பகத்துக் கூட்டாளிகளும் முதலில் கைதட்டினார்கள். சூரன் நம் ஆள், நம் ஆளை நாமே தூக்குவோம், மேலே ஏறி நின்று நாலு வார்த்தை பேசலாம் என்று திட்டம் போட்டார்கள். ஆளாளுக்கு ஒரு கணக்கு. இவர் கணக்கு என்ன என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

"தூது வந்து கேக்கறது அவருதானே. மூணு தடவை எங்கிட்டப் பேசியாகோணுமில்ல" என்றார்.

நான் எழுந்து போய் அடுப்பை ஊதினேன்.

முதல் நாள் காலையில் கோயிலுக்குப் போய்க் காப்புக் கட்டிக்கொண்டு வந்தார். திருநீறு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம், கயிறு மட்டும். அன்று முதல் பகலில் தண்ணீர் மட்டும். பட்டினியோடு மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்பது லேசில்லை. இரண்டாம் நாள் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார் என்று கம்பெனியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். ஓடினேன். "உங்களுக்குத்தான் சாமி இல்லீங்களே. ரெண்டு இட்லி தின்னா யாரு பாக்கப் போறா?" என்று கேட்டேன்.

"சாமிக்காகவா இருக்கேன்?" என்றார். பிறகு மெதுவாக, "அவரு பசியப் பத்தி மைக்குல பேசுனேன் புள்ள. அது எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்காமப் பேசிட்டேன்" என்றார்.

மூன்றாம் நாள் படிப்பகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். சூரனைத் தூக்குவதோடு சரி, கயிறு கட்டி விரதம் இருப்பது கட்சிக்கு அவமானம் என்றார்கள். கயிற்றை அறுக்கிறாயா, சாவியைத் தருகிறாயா என்று கேட்டார்கள். இவர் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு இறுகிப் போயிருந்தது. கடைசியில் நான்தான் அவிழ்த்துக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்று பொழுது சாய்ந்ததும் தடுக்கு ஓட்டை வழியாக அக்கா ஒரு சொம்புப் பாலும் நாலு பழமும் நீட்டினார். முந்தின இரண்டு நாளும் இரண்டு பழம்தான் கொடுத்திருந்தார். நான் கேட்கும் முன்னால் அவரே சொன்னார். "நான் ரெண்டுதான் எடுத்தேன். அவுங்க பாத்துட்டு, இன்னும் ரெண்டு வெய்யின்னாங்க. யாருக்குன்னு கேக்கல, நானும் சொல்லல."

நான் இதை இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பழம் இறங்காது. நாலையும் உரித்துத் தட்டில் வைத்தேன்.

ஆறாம் நாள் வந்தது. மேகம் மூடியிருந்தது. கமிட்டித் தலைவர் ஒரு காகிதத்தை மூத்தாரிடம் கொடுத்தார். தூது போகும்போது பழைய சொற்களோடு இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமாம். கறுப்புச் சட்டைக்காரா, நாத்திகக் கூட்டமே என்று நாலு வரி. மூத்தார் அதை வாங்கிப் படித்தார். வெற்றிலை மடிப்பதுபோல மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

தெரு நிறைய ஜனம். சூரன் கறுப்புச் சட்டையோடு ஆடி ஆடி வந்தான். பட்டி கோணலாகத்தான் இருந்தது. வீரபாகு வீட்டுப் பெண்கள் பானகக் குடத்தோடு சூரனுக்குப் பக்கத்தில் நிற்பது வழக்கம். கடைசியில் சூரனுக்குள்ளிருந்து வெளியே வருகிறவருக்கு முதல் வாய் பானகம் கொடுத்து விரதம் முடித்து வைக்க வேண்டும். அக்காவும் நானும் நின்றோம். துணிக்குள்ளே அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது.

முதல் தூது. மூத்தார் வேஷத்தில் வந்து நின்றார். தலையில் கிரீடம், கையில் ஈட்டி. "சூரா, அடைத்து வைத்தவர்களை விட்டுவிடு" என்றார். அத்தனை ஜனத்துக்கும் கேட்கும் குரல். உள்ளேயிருந்து, "வரமாட்டேன்" என்று இவரும் மைக்கில் பேசுகிற குரலில் கத்தினார். ஜனம் ஆரவாரம் செய்தது. அண்ணனும் தம்பியும் மூன்று வருஷம் கழித்துப் பேசிக்கொண்டதை நானும் அக்காவும் மட்டும்தான் கேட்டோம் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் சூரசம்ஹாரம் பார்த்தார்கள்.

இரண்டாம் தூதுக்கு முன்னால் மழை பிடித்தது. பெரிய மழை இல்லை, நனைக்கிற மழை. துணிக்குச் சாயம் போட்டவருக்குச் சேலை நூல் தெரியும், பனியன் துணி பழக்கமில்லை. கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் இரண்டு தடவை அலச வேண்டியதை, மழைக்காலம், காயாது என்று ஒரே அலசில் எடுத்துவிட்டார். கறுப்பு ஒழுக ஆரம்பித்தது. சூரனைச் சுற்றிப் பிடித்து வந்தவர்களின் கை, தோள், வேட்டி எல்லாம் கறுப்பு. கூட்டத்தை ஒதுக்க வந்த கமிட்டித் தலைவரின் முதுகில் யாரோ ஐந்து விரலும் பதித்துவிட்டார்கள். ஊரே கறுப்புச் சட்டைக்கு மாறிக்கொண்டிருந்தது, பாவம், சூரன் மட்டும் வெளுத்துக்கொண்டிருந்தான். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்.

"பழையதே சொல்றாரு, காகிதத்துல இருக்கறதச் சொல்லச் சொல்லுங்கப்பா" என்று தலைவர் பின்னாலிருந்து சத்தம் போட்டார். மூத்தார் திரும்பிப் பார்க்கவில்லை. "உன் பெண்டு பிள்ளைகளை நினைத்துப் பார்" என்று எப்போதும் சொல்வதைத்தான் சொன்னார். "வரமாட்டேன்" என்றார் இவர். குரல் முன்னைவிடச் சிறியதாக இருந்தது.

மூன்றாம் தூது. மூத்தார் கிட்டே வந்தார். கிரீடத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. சூரனின் வயிற்றில் பார்ப்பதற்கு ஒரு ஓட்டை விட்டிருப்போம். நான்தான் வெட்டினேன், இவர் கண் உயரத்துக்கு அளந்து. அந்த ஓட்டையைப் பார்த்து மூத்தார் நின்றார். ஈட்டியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"வந்துரு" என்றார்.

உள்ளேயிருந்து பதில் வரவில்லை. பறை அடிப்பவர்கள் குச்சியை ஓங்கிக்கொண்டு காத்திருந்தார்கள். கோயில் வாசலில் வேலைப் பிடித்தபடி பூசாரி எட்டிப் பார்த்தார். ஜனம் முணுமுணுத்தது. கட்சிக்காரன் வேலையைக் காட்டிவிட்டான், சூரனைச் சாகவிடாமல் நிறுத்தப் பார்க்கிறான் என்று ஒருவர் சொன்னார். கூட்டாளிகள் இரண்டு பேர் அதைக் கேட்டுக் கைகூடத் தட்டினார்கள்.

எனக்குத் தெரிந்தது வேறு. மூங்கில் சட்டம் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே அவர் அழுதுகொண்டிருந்தார். ஆறு நாள் பட்டினியில் நின்றுகொண்டு, மூன்று வருஷமாகக் காத்திருந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு, அதற்கு வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சொல்லத்தான் வேண்டும், ஊர் காத்திருக்கிறது. அவருக்கு வாய் வரவில்லை.

மூத்தார் இன்னும் ஒரு அடி முன்னால் வந்தார். இரண்டு கையையும் கறுப்பு ஒழுகும் துணிமேல் வைத்தார். பக்கத்தில் நின்ற எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் கேட்கிற மாதிரி, "சொல்லு கண்ணு. வரமாட்டேன்னு சொல்லு. அப்பறம் ஊட்டுக்குப் போலாம்" என்றார்.

சூரன் பதில் சொன்னான். "வரமாட்டேனுங்ணா."

பறை முழங்கியது. வேல் புறப்பட்டது. ஆனைத்தலை போனது, சிங்கத்தலை போனது, சொந்தத் தலையும் போனது. நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. கண் முழுக்கத் தண்ணீர், மழை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று துடைக்கவும் இல்லை. மூங்கிலைத் தூக்கியதும் தலையிலிருந்து கால்வரை கறுப்பாக என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். பானகச் சொம்பை நான் நீட்டும் முன்னால் மூத்தார் பிடுங்கிக்கொண்டார். தம்பியின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, சின்னக் குழந்தைக்குப் புகட்டுவதுபோலப் புகட்டினார். பாதியில் இவர் சொம்பைத் தள்ளி, "நீங்க குடிச்சீங்களாண்ணா?" என்று கேட்டார்.

"நான் குடிச்சுட்டேன் கண்ணு, நீ குடி" என்றார் மூத்தார்.

அவர் குடிக்கவில்லை. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதானே நின்றோம். இந்தத் தடவை தம்பி ஏமாறவில்லை. மீதிச் சொம்பை அண்ணன் வாயில் வைத்துச் சாய்த்துவிட்டார்.

மறுநாள் பொடக்காலித் தடுக்கை மூத்தார் பிரித்து அடுப்புக்குப் போட்டார். இவர் உடம்பில் கறுப்பு போகப் பத்து நாள் ஆனது. சீயக்காய் போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் கை கறுத்ததுதான் மிச்சம்.

தேர்தலில் இவர் கட்சி ஜெயித்தது. ஜெயித்தவர் முதல் வேலையாகத் தெருக்கோயிலுக்கு வந்து மாலை வாங்கிக்கொண்டார். கையில் கயிறு கட்டியதற்காகச் சாவியைப் பிடுங்கியவர்கள் அந்த மாலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார்கள். இரண்டே வருஷத்தில் கோயில் கமிட்டியிலும் உட்கார்ந்தார்கள். சாவியைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இவர் வாங்கிக்கொண்டார், வழக்கம்போலப் பேப்பர் படித்தார். வருஷம் தவறாமல் சூரனையும் தூக்கினார். நெற்றியில் திருநீறு மட்டும் கடைசிவரை வைக்கவில்லை. மூத்தாரும் வை என்று சொன்னதில்லை. சூரனுக்குப் பழையபடி பச்சைச் சட்டையே வந்தது.

ஒவ்வொரு வருஷமும் மூன்றாம் தூதில் இவர் நின்றுவிடுவார். வேண்டுமென்று செய்கிறாரோ, அந்த இடம் வந்தால் தானாக அடைத்துக்கொள்கிறதோ, எனக்குத் தெரியாது. மூத்தார் கிட்டே போய், "சொல்லு கண்ணு" என்பார். அப்புறம்தான் பதில் வரும்.

எழுபதுகளின் நடுவில் ஒரு கோடையில் மூத்தார் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். அன்று காலையில் தறிச் சத்தம் நின்றதும் முதலில் ஓடியது இவர்தான். வீரபாகு உரிமையை இவர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கமிட்டியில் கேட்டார்கள். "அவரு கேட்டத நான் கேக்க மாட்டேன்" என்றுவிட்டார். மூத்தாரின் மூத்த மகன் கிரீடம் கட்டினான். அவனுக்குக் கல்யாணமே ஆகியிருந்தது.

அந்த ஐப்பசியில் அவன் மூன்றாம் தூது வந்து "வந்துரு" என்றான். உள்ளே சத்தமில்லை. பறைக்காரர்கள் காத்திருந்தார்கள். அவனுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை, அவன் அப்பா எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் கேட்கச் சொன்னது அவனுக்கு எப்படித் தெரியும்? அக்கா வெள்ளைச் சேலையில் வீட்டுக்குள் இருந்தார். பானகத்தோடு நான் ஒருத்திதான் நின்றேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சூரனிடம் போய் இரண்டு கையையும் பச்சைத் துணிமேல் வைத்தேன்.

"சொல்லீருங்க. ஊட்டுக்குப் போலாம்" என்றேன்.

"வரமாட்டேனுங்ணா" என்றார், அண்ணன் மகனைப் பார்த்து.

அவரும் போய்ப் பல வருஷம் ஆகிறது. இப்போது யார் யாரோ சூரனைத் தூக்குகிறார்கள். மூன்றாம் தூதில் சூரன் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பான். வீரபாகு கிட்டே போய்த் துணிமேல் கை வைப்பான். சூரன் அண்ணா என்று சேர்த்துப் பதில் சொல்வான். அந்த இடத்தைப் பார்க்கவே வெளியூரிலிருந்து ஜனம் வருகிறது. ஏன் இப்படி என்று கேட்கிறவர்களிடம், அது எங்கள் கோயிலின் பழைய வழக்கம் என்று நானும் சொல்லிவிடுகிறேன்.